எக்கரும் தேர்ச்சக்கரமும்

நாகலாபுரத்தின் கரிசலில் நின்று பேசும் நமக்குக் கடல் அயல்நிலமன்று. அவ்வூர் அடங்கிய விளாத்திகுளம் வட்டத்தின் கிழக்கு விளிம்பு வேம்பாறும் வைப்பாறும் அமைந்த நெய்தல் நிலமே. ஆயினும் கரிசலைப் பேசிய அளவுக்கு அக்கரையின் மணல்மேடுகளை நாம் பேசியதில்லை.

சங்கப் புலவர் மணல்மேட்டை 'எக்கர்' என்றனர். மகளிர் கடற்கரை மணலில் சிற்றில் இழைத்து விளையாடியதை நெய்தற் பாடல்கள் பலவும் கூறும். நிறைசூல் ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணலில் முட்டையைப் புதைப்பதை அகநானூற்றின் 160ஆம் பாடல் காட்டுகிறது. தலைவனின் தேர்ச்சக்கரம் அதே கொடியை அறுத்துச் செல்வதை நற்றிணையின் 338ஆம் பாடல் பேசுகிறது. ஆக, எக்கர் மனிதர் புகாத இடமாக இருந்ததில்லை. எனினும் காலடியும் சக்கரமும் அதற்கு ஒன்றல்ல.

காரணம் எளியது. அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் காற்று கொணரும் மணலைத் தடுத்து மேடாக்குகின்றன. அம்மேடு மழைநீரை உள்வாங்கி நன்னீரைக் காக்கிறது; புயலலையின் வேகத்தைத் தான் ஏற்கிறது. கொடி அறுந்தால் மணல் காற்றோடு போய்விடும்.

திருச்செந்தூருக்கு மேற்கே, கடலினின்று சற்று உள்ளொதுங்கிய பழைய செம்மணற்குன்றுகளைத் தேரி என்கிறோம். இம்மாவட்டத்துத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை சாய்னரும் ஆல்ச்சினும் ஆராய்ந்து 1956இல் எழுதினர். கற்காலந்தொட்டு மனிதர் நடந்த மணல் அது. இன்றும் கார்த்திகை இறுதியில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர்வெட்டு விழாவுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மணலை வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். அதனால் தேரி தேய்ந்துவிடவில்லை.

தேய்த்தவை இயந்திரங்களே. கார்னெட், இல்மனைட் முதலிய கனிமங்களுக்காகக் கடற்கரை மணல் அள்ளப்பட்டது. 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் அதற்குத் தடை வந்தது. மறுமாதமே தடை பிற மாவட்டங்களுக்கும் நீண்டது. வைப்பாற்றுக் கரையும் அப்போதைய ஆய்வுக்கு உட்பட்டது.

சட்டம் இல்லாமலில்லை. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மணல்மேட்டைச் சிதைப்பதைத் தடுத்தது. 2011, 2019 அறிவிக்கைகள் மணல்மேடுகளை உச்சப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்தன. ஆனால் 2019இன் அறிவிக்கை, மக்கள்நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தும் விட்டது.

பாதுகாப்பு என்றதும் வேலி போட்டு மக்களை விலக்குவது நம்மிடையே வழக்கமாகிவருகிறது. வலை உலர்த்தும் பரதவரையும் நீராட வருவோரையும் விலக்கிய கரையில், நாளை சக்கரம் வந்தால் கேட்பதற்கு ஆளிராது. வண்டிகள் எக்கருக்கு அப்பாலேயே நிற்கட்டும். மேட்டைக் கடக்க ஓரிரு மரப்பலகை நடைபாதைகள் போதும். மீனவரின் வழக்கமான வழிகள் அவர்களுக்கே உரியவை. எஞ்சிய மணலை அடும்பு பார்த்துக்கொள்ளும்.