இல்லாத சமந்தாவும் இருந்த மாணவர்களும்

1995-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்டாக இருந்த ஜான் வெஸ்ட்லிங் ஓர் உரை நிகழ்த்தினார். புரோவோஸ்ட் என்றால் கல்வி விவகாரங்களுக்கெல்லாம் பொறுப்பானவர், தலைவருக்கு அடுத்த நாற்காலி. அந்த உரையில் சமந்தா என்று ஒரு மாணவி வருகிறாள். வகுப்பு தொடங்கும் நாளில் கூச்சத்தோடு, ஆனால் உறுதியாக வந்து நின்று ஒரு கடிதத்தை நீட்டுகிறாள். அவளுக்குக் காதால் கேட்டதை மூளை உள்வாங்குவதில் சிக்கல் இருக்கிறதாம். தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, விரிவுரைக் குறிப்புகளின் நகல், முன்வரிசையில் இடம், எல்லாம் வேண்டும். போதாக்குறைக்கு அவள் வகுப்பில் தூங்கிவிடக்கூடும் என்றும், தூங்கும்போது விட்டுப்போன பாடத்தை ஆசிரியர் பிறகு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் கடிதம் கேட்கிறது.

கேட்பவர்கள் சிரித்திருப்பார்கள். நல்ல கதைதான். எல்லா ஆசிரியர் ஓய்வறைகளிலும் இந்தக் கதையின் ஏதாவது ஒரு வடிவம் உலவிக்கொண்டுதான் இருக்கிறது. 'இப்பல்லாம் எல்லாரும் ஒரு சர்டிபிகேட்டோட வந்துடறாங்க சார்' என்று தொடங்கும்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் 1973-ம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 504 என்று ஒரு பிரிவு உண்டு. மத்திய அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது சாரம். அதற்கான விதிகளில் அரசு கையெழுத்துப் போடவே நான்கு வருடம் ஆனது. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரசு அலுவலகக் கட்டடத்தில் சக்கர நாற்காலிக்காரர்களும் பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து போராடிய பிறகே அது நடந்தது. கல்லூரி ஆசிரியர் கைக்கு வரும் அந்தக் கடிதத்தின் பூர்வீகம் இதுதான்.

கடிதம் வேலை செய்யும் விதமும் முக்கியம். மாணவர் தன் மருத்துவ ஆவணங்களைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் கொடுப்பார். அவர்கள் ஆராய்ந்து, என்ன ஏற்பாடு தேவை என்று முடிவு செய்வார்கள். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது அந்த ஏற்பாடு மட்டும்தான். மாணவரின் நோய்க்கதையை அவர் விசாரிக்க வேண்டியதில்லை. 'பார்த்தா நல்லாத்தானே இருக்கே' என்று வகுப்பு நடுவில் கேட்கும் சங்கடத்திலிருந்து இருவரையுமே இந்த முறை காப்பாற்றுகிறது. மென்பொருளில் இன்டர்ஃபேஸ் என்போமே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே சரியாக நடந்துகொள்ள முடியும்.

பாஸ்டன் பல்கலைக்கழகம் இதில் பின்தங்கிய இடமும் அல்ல. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு உதவுவதில் முன்மாதிரி என்று பெயர் வாங்கியிருந்தது. அதை நம்பியே பலர் அங்கே சேர்ந்தார்கள். அந்த அலுவலகத்தின் கோப்புகளைத்தான் 1995 குளிர்காலத்தில் வெஸ்ட்லிங் வரவழைத்துத் தானே பார்த்தார். கற்றல் குறைபாடு பற்றி அவருக்கு எந்தத் துறைப் பயிற்சியும் கிடையாது. ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஏற்பாடுகள் பலவும் நிராகரிக்கப்பட்டன. மூன்று வருடத்துக்கு மேல் பழைய சான்றிதழ் செல்லாது, மறுபடி பரிசோதனை செய்துகொண்டு வர வேண்டும் என்றும் விதி வந்தது. டிஸ்லெக்ஸியா மூன்று வருடத்தில் காலாவதியாகும் விஷயமா என்ன? பரிசோதனைக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும், நாட்களும் போகும், அதுவும் தேர்வுகள் நெருங்கும் நேரத்தில்.

1996 ஜூலையில் 10 மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். குக்கன்பெர்கர் எதிர் பாஸ்டன் பல்கலைக்கழகம் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. அதற்குள் வெஸ்ட்லிங் பல்கலைக்கழகத் தலைவராகியிருந்தார். விசாரணையில் சமந்தாவைப் பற்றிய பேச்சு வந்தது. அப்படி ஒரு மாணவியே இல்லை, ஒரு கருத்தைச் சொல்வதற்காகத் தானே உருவாக்கியது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

வழக்கின் சட்ட நுணுக்கங்களை விட இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை நடத்துபவர், ஆயிரக்கணக்கான நிஜ மாணவர்கள் சுற்றியிருக்க, தன் வாதத்துக்கு உதாரணமாகக் காட்ட ஒரு பொய் மாணவியைப் படைக்க வேண்டியிருந்திருக்கிறது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்குப் போட்டவர்கள் விழித்திருந்து படித்தவர்கள், அதில் ஒருவர் சட்டக் கல்லூரி மாணவி.

1997 ஆகஸ்டில் நீதிபதி பாட்டி சாரிஸ் தீர்ப்புச் சொன்னார். மறுபரிசோதனை விதியை அது முதலில் இருந்த வடிவில் அவர் ஏற்கவில்லை. முன்முடிவுகளின் அடிப்படையில் நிர்வாகம் நடந்துகொண்டது என்றார். ஆறு மாணவர்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 30,000 டாலர் இழப்பீடு. பெரிய தொகை இல்லை.

அதே பூதம் நம்மூரிலும் நடமாடியது. எழுத்தாளர் பிடிப்பு எனப்படும் கை நரம்புச் சிக்கல் உள்ள ஒரு மருத்துவப் பட்டதாரி, குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஒரு ஸ்கிரைப் கேட்டார். தேர்வாணையம் மறுத்தது. 40 சதவீதக் குறைபாடு என்ற வரையறைக்குள் அவர் வரவில்லை என்பது காரணம். விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த 40 சதவீதம் இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல்தான், எழுத ஆள் தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. இப்படி விட்டால் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று அரசுத் தரப்பு சொன்ன வாதத்துக்கும் பதில் இருந்தது. பிட் வைத்துக் காப்பியடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எல்லா மாணவருக்கும் தேர்வைக் கஷ்டமாக்கிவிடுவோமா என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டு புதிய வழிகாட்டுதல்கள் வந்தன. இவற்றுக்கு நம் பேச்சுவழக்கில் 'சலுகை' என்றே பெயர். சலுகை என்றால் கொடுப்பவர் பெருந்தன்மையாகக் கொடுப்பது, அவருக்கு மனசு வராவிட்டால் இல்லை. அந்தச் சொல்லிலேயே பாதித் தகராறு ஒளிந்திருக்கிறது.

பாஸ்டன் வழக்கில் மாணவர்கள் தோற்ற பகுதி ஒன்று உண்டு. ஆசிரியர்கள் அதிகம் படிக்க வேண்டியது அதைத்தான். அங்கே கலை அறிவியல் பட்டத்துக்கு ஓர் அயல்மொழி கட்டாயம். முன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் அதற்குப் பதிலாக வேறு பாடம் கேட்பார்கள், அலுவலகமும் அனுமதித்துவந்தது. வெஸ்ட்லிங் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். நீதிபதி, மாற்றுப் பாடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆசிரியர்கள் கூடி, இந்தப் பாடம் பட்டத்துக்கு உண்மையிலேயே அடிப்படையானதா, வேறு வழி இருக்கிறதா என்று நிஜமாகவே யோசித்துவிட்டு வரட்டும் என்றார். 11 பேராசிரியர்கள் கொண்ட குழு கூடியது. ஒரு படைப்பை அதன் மூலமொழியில் படிப்பதற்கு இணையான ஆங்கிலப் பாடம் எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. 1998-ல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

எனக்கு அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. டிஸ்லெக்ஸியா உள்ள ஒருவர் இரண்டாம் மொழியின் எழுத்தோடு எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்பது அந்தக் குழுவின் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் உண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எதற்காக இதைச் சொல்லித் தருகிறோம், எந்தப் பகுதி பழக்கதோஷத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது? இதற்கு மருத்துவரால் பதில் சொல்ல முடியாது, அலுவலகத்தாலும் முடியாது. பாடம் எடுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பொறியியல் படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு நினைவிருக்கும். சோதனையைச் செய்து, அளவீடுகளை அப்சர்வேஷனில் குறித்துக் கையெழுத்து வாங்கி, அதையே மறுபடி அழகான கையெழுத்தில் ரெக்கார்டில் எழுதி, இடப்பக்கம் பென்சிலில் சர்க்யூட் வரைய வேண்டும். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு நோட்டு. விரல்கள் ஒத்துழைக்காத ஒரு மாணவருக்கு இதில் எது பாடம்? ஆம்ப்ளிஃபயரின் கெயின் ஏன் ஒரு எல்லைக்கு மேல் விழுகிறது என்று புரிந்துகொள்வதா, அதை இரண்டாம் முறை மையில் எழுதுவதா? எங்கள் கல்லூரியில் நான்கு வருடத்தில் யாரும் இதற்காகக் கூட்டம் போட்டதாகக் கேள்விப்படவில்லை. ரெக்கார்டு முடியாமல் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விட மாட்டார்கள், அவ்வளவுதான். கை வராதவர்களுக்கு அம்மாவோ தங்கையோ ராத்திரி உட்கார்ந்து எழுதித் தந்தார்கள். அது எல்லா ஆசிரியருக்கும் தெரியும்.