குரோப்பேட்டை ஆகாத குரோம்பேட்டை

பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற குரோம்பேட்டையை இலக்கணப்படி எழுதினால் 'குரோப்பேட்டை' என்று வர வேண்டும். மரமும் பெட்டியும் சேர்ந்தால் மரப்பெட்டி. பணமும் பையும் சேர்ந்தால் பணப்பை. ம் விழும், ப் இரட்டிக்கும், நன்னூல் விதி. இங்கே ம் விழ மறுத்துவிட்டது. காரணம், முன்பாதி நம்மூர்ச் சரக்கே இல்லை. கிரேக்கம்!

கிரேக்கத்தில் 'க்ரோமா' என்றால் நிறம். 1797-ல் வோக்லான் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி, சைபீரியாவின் சிவப்புத் தாது ஒன்றில் புது உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று கலர் கலராக இருந்ததால் குரோமியம் என்று பெயர். அதே உப்பில் தோல் பதனிடலாம் என்று 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் தெரிந்தது. நம் தோல் ஷாப்புகளில் அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊறணும். குரோமில் சில நாளில் வேலை முடியும்.

இதை மதராஸுக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன். கலைப் பள்ளியின் சூப்பரின்டெண்டென்ட். 1903 வாக்கில் அவர் குரோம் தோலில் எதைச் செய்து பார்த்தார் தெரியுமா? ஷூ இல்லை, விவசாயி கிணற்றில் கமலை இறைக்கும் தோல் பை! தண்ணீரிலேயே கிடந்தாலும் சீக்கிரம் இற்றுப் போகாதே.

பிறகு 1912-ல் ஜி.ஏ.சேம்பர்ஸ் ஆரம்பித்ததுதான் குரோம் லெதர் கம்பெனி. ஊருக்கு அதுவே பெயராகிவிட்டது. பின்பாதி 'பேட்டை' சுத்தமாக நம்முடையது. சந்தையோ தொழிலோ கூடுகிற இடம். 1734-ல் நெசவாளர்களுக்காக உருவான சின்னதறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை.

'க்ரோ' என்று மெய்யில் ஆரம்பிக்கத் தமிழில் வழியில்லை. அதனால் குரோதம் மாதிரி ஒரு உகரம் நுழைந்தது. இன்னொரு வேடிக்கை: கம்பம், பாம்பு என்றால் ம்-முக்கு அடுத்த ப மெலிந்து ஒலிக்கும். குரோம்பேட்டையில் மட்டும் அந்தப் 'பே' அழுத்தமாகவே வருகிறது. வாய்க்குத் தெரிகிறது, இது ஒட்டுப் போட்ட சொல் என்று.

கமலைப் பைக்காகச் சோதித்த குரோம் கடைசியில் கிணற்றுக்கே போனதுதான் கொடுமை. தோல் கழிவால் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீர் பாழானது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட 5 மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசு படுத்தியவர்தான் நஷ்டஈடும் தரணும் என்றது. வழக்குப் போட்டது வேலூர் மக்கள்.

சேம்பர்ஸின் கம்பெனி பிற்பாடு நாகப்பச் செட்டியார் குடும்பத்திடம் வந்தது. அதன் மூன்று எழுத்து மட்டும் தெருப் பலகையில் இருக்கிறது: சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு.