உறுமியின் பயணம்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அம்மலைத் தோட்டங்களிலே கொழுந்து பறித்து லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்கு உடைமைகள் சில, கலைகளோ பல. அவற்றுள் ஒன்று உறுமி மேளம்.

உறுமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தால் உறுமல் எழும். மறுமுகத்தை அடித்தால் தாளம் பிறக்கும். மாரியம்மன் விழாவிலும் காவடி எடுப்பிலும் அது முழங்கும். எனினும், இசை வரலாறு எழுதுவோர் யாழையும் வீணையையும் விரித்துரைத்து, உறுமியை ஒரு வரியிற் கடந்துவிடுவர்.

அவ்வுறுமி உலக அரங்கேறியது 2007இல். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டனுக்கு ஏதிலியாய்ச் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடியவர். 2005இல் தந்தையின் இயக்கப் பெயரால் 'அருளர்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2007இல் தாயின் பெயரால் 'கலா' வெளிவந்தது. அமெரிக்க விசா பெறுவதில் இடர்ப்பட்டமையால், இந்தியா, டிரினிடாட், லைபீரியா எனப் பல நாடுகளில் அதனைப் பதிவுசெய்தார். தமிழகத்து உறுமிக் கலைஞரின் முழக்கமே அதிலுள்ள 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களுக்கு முதுகெலும்பு.

அத்தொகுப்பின் மற்றொரு வேர், 1970களில் லண்டன் இளைஞர் எழுப்பிய பங்க் இசை. தேர்ந்த பயிற்சியினும் உள்ளக் கொதிப்பே பெரிதென்பது அவ்விசையின் கொள்கை. அவ்வழி வந்த 'தி கிளாஷ்' குழு, குடியேறிகளின் அவலத்தை 1982இல் ஒரு பாடலாக்கிற்று. அதன் இசைத்துணுக்கைக் கொண்டே 'கலா'வின் 'பேப்பர் பிளேன்ஸ்' அமைந்தது. 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் பெற்றது.

கங்காணி அழைக்கக் கடல் கடந்தோரும், போர் துரத்தக் கடல் கடந்தோரும் வெவ்வேறு வழியினர். ஆயினும் இருசாராரையும் இணைக்கும் ஓசை ஒன்றே. மேடையில் ஒருவர் முழக்கியபின் அதனைக் கலை என ஏற்கும் நாம், தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக முழக்கியோரின் பெயர்களையேனும் எழுதிவைத்தோமா?

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாட்டினர் பலர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரம் புகுந்துவிட்டன. உறுமியின் அடவுகளை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். ஆசிரியப் பெருமக்களே, மாணவரை அவர்களிடம் அனுப்புங்கள். யார் கற்பித்தார், எவ்விழாவில் எத்தாளம் முழங்கிற்று என்பவற்றைக் கேட்டு எழுதச் செய்யுங்கள். அவ்வேடுகளும் நம் வரலாறே.