நிலக்கிளி (நாவல்)

அ. பாலமனோகரன் (பி. 1942) எழுதிய வன்னி நாவல், 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்து, இலங்கை சாகித்திய விருது பெற்றது. வீரகேசரியின் மலிவுப் பதிப்புகள் நாடெங்கும் பரவியதால் பரந்த வாசகரை எட்டியது. கதைக்களம் ஓமந்தைக்கு வடகிழக்கே காடுகளுக்கு அப்பாலுள்ள தண்ணிமுறிப்பு.

ஆசிரியர் முல்லைத்தீவின் தண்ணீரூற்றில் பிறந்தவர். ஆசிரியத் தொழில் பார்த்தவர். பின்னர் டென்மார்க்கில் குடியேறினார். கதையிலும் சுந்தரலிங்கம் என்றொரு வாத்தியார் வருவதால் அவரையே ஆசிரியரின் நிழலாகக் கொள்ளத் தோன்றும். அது அரைகுறை வாசிப்பு. பிறந்த மண்ணின் பழக்கம் தெரிவது காட்டையும் குளத்தையும் வேட்டையையும் விளக்கவுரை இல்லாமல் சொல்லும் நடையில்தான். கதைநாயகன் கதிராமனின் உழைப்பும் அவன் மனைவி பதஞ்சலியின் வெள்ளை மனமும் அந்த நடையிலேயே உருவாகின்றன. தாழப் பறந்து எளிதில் பிடிபடும் நிலக்கிளி அவளுக்குக் குறியீடு. வாத்தியார் வழியே வரும் படிப்பு அவளுக்கு உலகத்தைத் திறக்கிறது, கலக்கத்தையும் கொண்டுவருகிறது. அவரை வில்லனாக்காமல் விட்டதே நாவலின் பெரிய கெட்டித்தனம்.

வன்னி வாழ்வை எழுதிய செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ இதனோடு ஒப்பிடத்தக்கது. நிர்வாக சேவையில் இருந்த அவரது பார்வை சுரண்டலை வெளிக்காட்டும் பக்கம் சாய்கிறது. பாலமனோகரனின் பார்வை வீட்டு முற்றத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை.