கிபோர்ட் விரிவுரைகள்: மேடையும் அழைப்பும்

நூற்றாண்டின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு பேருரை வைக்கலாமே என்ற யோசனை சங்கத்தில் எழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல யோசனை. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் பேசி முடிக்கும்வரை மண்டபத்து மின்விசிறியின் சுற்றுக்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஆகவே யாரை அழைப்பது என்பதில் எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அந்தப் பேச்சுக்கு உதவுமென்று ஸ்கொட்லாந்தின் ஒரு பழைய விரிவுரைத் தொடரின் கதையை இங்கே தருகிறேன். வைத்தியம் படிக்க விரும்பிய ஏழு பெண்களிலிருந்துதான் அதைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

எடின்பரோ பல்கலைக்கழகம் 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கையும் அவரது தோழியரையும் வைத்திய மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியாவில் அதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களைச் சேர்த்ததில்லை. மறு ஆண்டு நவம்பரில் அவர்கள் உடற்கூற்றியல் பரீட்சைக்குப் போனபோது, மண்டப வாசலில் திரண்டிருந்த கூட்டம் சேற்றை வாரியெறிந்து படலையைச் சாத்தியது. பரீட்சை நடந்துகொண்டிருக்கையில் ஒரு செம்மறியாட்டையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். படிப்பை முடித்துப் பட்டம் பெறும் வழியும் அடைபட்டபோது மாணவிகள் நீதிமன்றம் போனார்கள். 1872இல் அவ்வழக்கை முதலில் விசாரித்தவர் நீதியரசர் ஆதம் கிபோர்ட். சேர்த்துக்கொண்ட மாணவிகளுக்குப் பட்டம் பெறும் உரித்தும் உண்டு என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். 1873இல் மேல் அமர்வு பெரும்பான்மை வாக்கால் அதை மாற்றிவிட்டது. அந்த எழுவருக்கும் எடின்பரோ தன் பட்டத்தை வழங்கியது 2019இல். அவர்கள் இல்லாத மேடையில், இன்றைய மாணவிகள் அவர்கள் சார்பில் பெற்றுக்கொண்டார்கள்.

கிபோர்ட் பின்னர் பாரிசவாதத்தால் பதவி விலகினார். 1885இல் எழுதிய மரணசாசனத்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், சென் அன்ட்ரூஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் 80,000 பவுணை விட்டுச்சென்றார். கடவுளைப் பற்றிய அறிவை வானியலையும் இரசாயனத்தையும் ஆராய்வது போல ஆராயும் விரிவுரைகளை அந்தப் பணத்தில் நடத்தவேண்டும். விரிவுரையாளர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம். சமயமே இல்லாதவராகவும் இருக்கலாம். எந்தச் சத்தியமும் செய்யத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் பதியாத ஊர்ச்சனங்களும் வந்து கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்தில் இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

1888இல் கிளாஸ்கோவில் மாக்ஸ் முல்லருடன் தொடர் களைகட்டியது. வந்தவர்களின் பட்டியல் முழுவதையும் எழுத இந்த மலர் போதாது. வைத்தியர் என்ற பாசத்தில் இருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாமவர் வில்லியம் ஜேம்ஸ். ஹாவார்டில் வைத்தியப் பட்டம் பெற்று உளவியலுக்குப் போனவர். இருதய நோயினால் அவருடைய உரைகள் பிந்தின. 1901இலும் 1902இலும் எடின்பரோவில் 20 விரிவுரைகளை நிகழ்த்தினார். கோயிலையும் குருமாரையும் ஒதுக்கிவிட்டு, தனி மனிதர் தமக்குள் அனுபவித்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு ஞானியின் தரிசனத்துக்கு வலிப்புநோய் காரணமென்று வைத்தியர் காட்டிவிடலாம்; அதனால் அந்தத் தரிசனம் பெறுமதியற்றதென்று ஆகிவிடாது என்றார். வார்டில் நோயாளியின் கதையை முழுவதும் கேட்காமலே நோயின் பெயரை எழுதிவிடும் எங்களுக்கு இன்றும் உறைக்கவேண்டிய விடயம் இது.

மற்றவர் சார்ள்ஸ் ஷெரிங்டன். நரம்பியலுக்காக 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1937இல் ஏறக்குறைய 80 வயதில் எடின்பரோவில் பேச வந்தார். ஜோன் பெர்னெல் என்ற 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வைத்தியரைத் துணைக்கழைத்து, உடலைப் பற்றிய அறிவு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறதென்று காட்டினார். நரம்பில் செய்தி ஓடுவதைத் தன்னால் அளக்கமுடியும், ஆனால் அது எப்படி நினைவாகிறது என்று விளக்கமுடியவில்லை என ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் நரம்பையே ஆராய்ந்தவர் அதைச் சொன்னார் என்பதை மறக்கக்கூடாது.

எல்லா உரைக்கும் கூட்டம் நிறைந்ததென்று எண்ணவேண்டாம். 1927-28இல் வைட்ஹெட் பேசியபோது முதல் நாள் வந்த பெருங்கூட்டம் போகப்போக விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கியதாகச் சொல்வார்கள். அவ்வுரைகளிலிருந்து பிறந்த நூலை உலகம் இன்றும் வாசிக்கிறது. நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவர்கள் இதைக் கேட்டு மனம் ஆறலாம். இந்த ஆராய்ச்சியே ஆகாதென்று மறுத்த கார்ள் பார்த்தையும் அபர்டீன் அழைத்தது. அவரும் வந்து, மறுத்தே பேசினார்.

மறுப்பவரையும் அழைக்கத் தெரிந்த பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பெண்ணை அழைக்க 85 ஆண்டுகள் சென்றன. மரணசாசனத்தின் ஆங்கில வாசகத்தில் விரிவுரையாளரைக் குறிக்கும் சொல் ஆண்களையே நினைவூட்டும். ஆனால் அக்காலச் சட்ட எழுத்தின் வழக்கம் அது. மாணவிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பெழுதிய கை வேண்டுமென்றே பெண்களை விலக்கியிருக்குமென்று நான் நம்பவில்லை. தடை எதுவும் தேவைப்படவில்லை. பெயர்களைத் தெரிவு செய்தவர்களுக்குப் பெண் பெயர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த முதற் பெண் ஹன்னா ஆரென்ட். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதப் பெண். 1973இல் அபர்டீனில் சிந்தித்தல் என்பதைப் பற்றிப் பேசினார். 1974இல் இரண்டாம் தொடரைத் தொடங்கிய சமயத்தில் மாரடைப்பு வந்து அது நின்றுபோனது. 1975 டிசம்பரில் அவர் காலமானபோது தட்டச்சு இயந்திரத்தில் மூன்றாம் பகுதியின் முதல் தாள் இருந்தது. தலைப்பு அடித்திருந்தார், கீழே மேற்கோள்கள் இரண்டு. அதற்கப்பால் வெற்றுத்தாள்.

அதற்குப் பிறகு 1982இல் ஐரிஸ் மேர்டொக், பின்னர் மேரி டக்ளஸ், அன்னமரி ஷிம்மெல் என்று பெண்களும் எடின்பரோ மேடைக்கு வந்தார்கள். 1993இல் வந்த மார்த்தா நுஸ்பாம் எடுத்துக்கொண்டது உணர்ச்சிகளை. துக்கமும் பயமும் அறிவுக்குக் குறுக்கே நிற்பவையல்ல, அவையும் ஒருவகை அறிவே என்பது அவர் வாதம். அவ்வுரைகளிலிருந்து விரிந்த நூலை, வைத்தியசாலையில் இறந்துகொண்டிருந்த தாயிடம் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாத தன் துயரத்தை வைத்தே தொடங்குகிறார். பெண் ஏறியதால்தான் மேடையின் பொருள் மாறியதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஜேம்ஸும் துயரத்தைப் பற்றிப் பேசியவர்தான். ஆனால் ஒரு மகள் தாயின் கட்டிலருகே அறிந்துகொண்டதை அந்த மேடை கேட்க 100 ஆண்டுகளுக்கு மேல் சென்றது.