5 நாளாகியும் பிள்ளைக்குக் காய்ச்சல் விடலையா? 'கவாசாகி'யையும் யோசிங்க

"சும்மா வைரல் காய்ச்சல்தான், 2 நாள்ல போயிடும்."

பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 5ஆவது நாளிலும் காய்ச்சல் இறங்காவிட்டால் மருத்துவர்கள் சந்தேகிக்கும் நோய்களில் ஒன்று கவாசாகி. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ரத்தக் குழாய்களில் ஏற்படும் அழற்சி அது. மற்றவர்களுக்குத் தொற்றாது. ஜப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாகி 1967இல் 50 பிள்ளைகளிடம் கண்டதை விவரித்து எழுதினார். அதனால்தான் இந்தப் பெயர். மோட்டார்சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

வழக்கமான அறிகுறிகள் என்ன?

காய்ச்சலுடன் பீளை இல்லாமல் கண் சிவக்கும். உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி போலாகும். உடலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறி. இந்த ஐந்தில் நான்கு இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்.

எல்லாம் தெரியாவிட்டால்?

சிக்கலே அங்குதான். சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று அறிகுறிகள்தான் வரும். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு விடாத காய்ச்சலும் ஓயாத அழுகையும் மட்டுமே இருக்கலாம். இன்னும் சிலருக்கு வயிற்றுவலி, வாந்தி, மூட்டுவலி. சிறுநீரில் வெள்ளை அணுக்கள் தெரிந்தால் கிருமித்தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் உண்டு. காய்ச்சல் மட்டும் குறையாது.

இங்கே பிறந்தவுடன் பிசிஜி ஊசி போடுகிறார்கள் இல்லையா? அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து வீங்கினால் அது முக்கியமான துப்பு. நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் தடிப்பு சட்டென்று தெரியாது. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

அறிகுறிகள் ஒரே நாளில் சேர்ந்து வர வேண்டியதில்லை. திங்கட்கிழமை வந்த தடிப்பு வியாழக்கிழமை கிளினிக் போகும்போது மறைந்திருக்கலாம். போனில் படம் எடுத்து வைங்க. காய்ச்சல் தொடங்கிய தேதியையும் குறிச்சு வைங்க. அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏன் அவசரம்?

சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் புடைத்துக்கொள்ளும். முதல் 10 நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினால் அந்த அபாயம் வெகுவாகக் குறையும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் செய்வார்கள்.

ஆஸ்பிரினும் இதற்குக் கொடுக்கப்படும் மருந்துதான். ஆனால் அதை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம்.