நீரிழிவு நோயுள்ள பெண்களுக்கான கருத்தடை

நீரிழிவு நோயுள்ள பெண்களுக்கான கருத்தடை என்பது, இந்நோயுள்ள பெண்கள் தாம் விரும்பும் காலத்தில் மட்டும் கருவுறும் வகையில் தமக்கேற்ற தற்காலிக அல்லது நிரந்தர முறையைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். நீரிழிவு இருப்பதனால் மட்டும் ஒரு பெண்ணுக்குக் கருத்தடை முறைகள் விலக்கப்படுவதில்லை. நோய் கண், சிறுநீரகம், நரம்பு, குருதிக்குழாய் ஆகியவற்றைத் தாக்கியுள்ளதா, எத்தனை ஆண்டுகளாக உள்ளது, குருதி அழுத்தம் எவ்வளவு என்பனவே எம்முறை பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் அரசின் குடும்ப நலத் திட்டத்தைச் சேர்ந்த முறைகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

இன்றியமையாமை

கருவின் இதயம், மூளை, முதுகுத்தண்டு முதலியன முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகின்றன. மாதவிலக்கு தள்ளிப்போனதை உணர்ந்து ஒரு பெண் பரிசோதனைக்குச் செல்வதற்குள் இக்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். அவ்வேளையில் தாயின் குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தால் கருச்சிதைவும், குழந்தையின் உறுப்புகளில் பிறவிக் குறைபாடும் ஏற்படும் வாய்ப்பு கூடுகின்றது. ஆகவே கருவுறுவதற்கு முன்னரே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது தேவையாகும்.

கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் அளவு 6.5 விழுக்காட்டிற்குக் கீழ் வந்த பின் கருவுறுதல் சிறந்தது. 10 விழுக்காட்டிற்கு மேல் இருக்கையில் கருவுறுதலைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். நீரிழிவு நோயாளருக்கு வழங்கப்படும் சில குருதி அழுத்த மாத்திரைகளும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளும் கருவிற்கு ஏற்றவை அல்ல. மருத்துவர் அவற்றை முன்கூட்டியே மாற்றித்தர வேண்டும். ஃபோலிக் அமிலம் உட்கொள்வதையும் கருவுறுமுன் தொடங்க வேண்டும். இவையனைத்திற்கும் தேவையான கால இடைவெளியைத் தருவது கருத்தடையே.

உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு

உலக சுகாதார அமைப்பு 1996 ஆம் ஆண்டு முதல், எந்நோய் உள்ளவர் எம்முறையைப் பயன்படுத்தலாம் என்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டு வருகின்றது. இதில் நான்கு வகைகள் உள்ளன.

- வகை 1: எவ்விதக் கட்டுப்பாடுமின்றிப் பயன்படுத்தலாம்.
- வகை 2: தீங்கைவிட நன்மை கூடுதல், பொதுவாகப் பயன்படுத்தலாம்.
- வகை 3: நன்மையைவிடத் தீங்கு கூடுதலாக இருக்கலாம்; வேறு முறை இல்லாதபோது மட்டும், மருத்துவக் கண்காணிப்புடன் பயன்படுத்தலாம்.
- வகை 4: பயன்படுத்தக் கூடாது.

கர்ப்ப காலத்தில் மட்டும் நீரிழிவு இருந்து, பின்னர் நீங்கியவர்களுக்குத் தற்காலிக முறைகள் யாவும் வகை 1 இல் அடங்கும்.

முறைகள்

காப்பர்-டி: இது கருப்பையினுள் பொருத்தப்படும் செம்புக் கம்பி சுற்றிய சிறு கருவியாகும். இதில் இயக்குநீர் எதுவும் இல்லையாதலால் சர்க்கரை அளவையோ குருதி அழுத்தத்தையோ இது மாற்றுவதில்லை. நீரிழிவின் எல்லா நிலைகளிலும் இது வகை 1 ஆகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதனால் தொற்று மிகும் என்ற முன்னைய அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. காப்பர்-டி 380ஏ பத்து ஆண்டுகளும், 375 என்னும் வகை ஐந்து ஆண்டுகளும் பயன்தரும். முதல் ஆண்டில் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவானவரே கருவுறுகின்றனர். மாதவிலக்கின்போது குருதிப்போக்கு கூடலாம் என்பதால் குருதிச்சோகை உள்ளவர்கள் அதனைக் கவனிக்க வேண்டும்.

கூட்டு மாத்திரை: மாலா-என் போன்ற மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு இயக்குநீர்கள் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் குருதி உறைதலையும் குருதி அழுத்தத்தையும் கூட்டவல்லது. நீரிழிவினால் உறுப்புப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு இது வகை 2 ஆகும். கண், சிறுநீரகம், நரம்பு அல்லது குருதிக்குழாய் பாதிக்கப்பட்டவர்களுக்கும், 20 ஆண்டுகளுக்கு மேல் நீரிழிவு உள்ளவர்களுக்கும் பாதிப்பின் கடுமையைப் பொறுத்து வகை 3 அல்லது 4 ஆகும். குருதி அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் இது ஏற்றதன்று.

ஊசி: அந்தரா என்ற பெயரில் 2017 முதல் அரசு வழங்கிவரும் ஊசி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படுகின்றது. உறுப்புப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு இது வகை 2. பாதிப்பு உள்ளவர்களுக்கும் 20 ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கும் வகை 3. இது நல்ல கொழுப்பைக் குறைக்கக்கூடும். போட்ட ஊசியின் விளைவை உடனே நீக்கவும் இயலாது. ஊசியை நிறுத்திய பின் கருவுறப் பல மாதங்கள் ஆகலாம். எனவே விரைவில் குழந்தை வேண்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாயா: இலக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த சென்ட்குரோமன் என்னும் மருந்து இதுவாகும். 1991 இல் சகேலி என்ற பெயரிலும், 2017 இல் சாயா என்ற பெயரில் அரசுத் திட்டத்திலும் அறிமுகமானது. ஸ்டீராய்டு இயக்குநீர் அல்லாத இம்மாத்திரையை முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ள வேண்டும். சிறுநீரக நோய், கல்லீரல் நோய், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவை உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. நீரிழிவு உள்ள பெண்களிடம் சிறுநீரகப் பாதிப்பும் சினைப்பை நீர்க்கட்டியும் காணப்படக்கூடும் என்பதால் முன்பரிசோதனை தேவை.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, தோலடிக் குச்சி ஆகியன உறுப்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் வகை 2 ஆகும்.

ஆணுறை: சர்க்கரை அளவில் எவ்வித மாற்றத்தையும் ஏற்படுத்தாது; பால்வினை நோய்களையும் தடுக்கும். நடைமுறையில் ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் கருவுறுவதால், சர்க்கரை கட்டுப்படாத நிலையில் இதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

அறுவை முறைகள்: பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும், இல்லையேல் புண் ஆறுவது தாமதமாகலாம், தொற்றும் ஏற்படலாம். உறுப்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மயக்க மருந்து, அவசர மருத்துவ வசதிகள் உள்ள மருத்துவமனையிலேயே செய்ய வேண்டும். கணவர் செய்துகொள்ளும் தழும்பில்லாக் கருத்தடை இதனினும் எளியது. மனைவியின் உடலுக்கு எவ்விதச் சுமையும் இல்லை. இந்திய அரசின் விதிகளின்படி, கருத்தடை அறுவைக்கு அதனைச் செய்துகொள்பவரின் ஒப்புதலே போதுமானது. கணவரின் கையொப்பம் கட்டாயமன்று.

அவசரக் கருத்தடை மாத்திரையை நீரிழிவு உள்ளவர்களும் பயன்படுத்தலாம். பாதுகாப்பற்ற உறவின் பின் 72 மணி நேரத்திற்குள் உட்கொள்வது நலம்.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதியில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாகத் தெரிவிக்கின்றது. மறுபுறம், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி மாநிலத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் நிரந்தர அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. அறுவை பெரும்பாலும் குடும்பம் நிறைவடைந்த பின்னரே செய்யப்படுகின்றது. நீரிழிவு உள்ள பெண்ணுக்கோ திருமணத்திற்கும் முதல் குழந்தைக்கும் இடையிலும், முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடையிலுமே கருத்தடை மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என 2007 இல் அரசாணை வெளியிடப்பட்டது. சென்னை மருத்துவர் வீ. சேஷையா இதற்கு முன்னோடியாவார். 75 கிராம் குளுக்கோசு அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படுகின்றது. இவ்வாறு கண்டறியப்பட்டவர் பேறுகாலத்திற்கு ஆறு வாரங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும்போதே இப்பரிசோதனையையும் கருத்தடை ஆலோசனையையும் முடித்துக்கொள்ளலாம். பேறுகாலத்திற்குப் பின் 48 மணி நேரத்திற்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு.

இராஜபாளையம் நூற்பாலைகள் நிறைந்த ஊராகும். ஆலைகளில் பகல், இரவு என வேலை நேரம் மாறும் பெண்களுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் மாத்திரை உட்கொள்வது கடினமாகலாம். அவர்களுக்கு அன்றாடம் நினைவில் வைக்கத் தேவையில்லாத காப்பர்-டி போன்ற முறைகள் ஏற்றவை. இரு ஊர்களிலும் உள்ள அரசு மருத்துவமனைகளையும் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களையும் இதற்காக அணுகலாம். சிக்கலான நிலையில் உள்ளோர் 2022 இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ செல்லலாம்.

2021 ஆகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக நீரிழிவு மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. கருத்தடைச் சேவையோ கிராம சுகாதார செவிலியர், மகப்பேறு பிரிவு ஆகியோர் வழியாகக் கிடைக்கின்றது. ஒரு பிரிவினர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். எனவே கருத்தடை கேட்கும்போது நீரிழிவு இருப்பதையும், நீரிழிவு மருத்துவரிடம் கருத்தடை முறையையும் கூறுதல் வேண்டும்.

தெரிவுக்கு முன் அறிய வேண்டியவை

- எச்பிஏ1சி அளவு, குருதி அழுத்தம்
- விழித்திரைப் பரிசோதனை
- சிறுநீரில் புரதம், குருதியில் கிரியேட்டினின்
- நீரிழிவு கண்டறியப்பட்ட ஆண்டு
- உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல்
- அடுத்த குழந்தை எப்போது வேண்டும், அல்லது வேண்டாமா என்பது

இவற்றுள் கடைசியானதற்கு அப்பெண்ணால் மட்டுமே விடையளிக்க இயலும். முறையைத் தெரிவு செய்த பின்னரும் குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் காலந்தோறும் பரிசோதித்து, உறுப்புப் பாதிப்பு புதிதாகத் தோன்றின் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்.